வாடகைக்கு விட்ட ஜன்னல்

ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் ஒருத்தரும் சொந்த வீட்டில் குடியிருக்க மாட்டோம். வீடு என்னவோ எங்களுடையதுதான். ஆனால் கடலைப் பார்த்த அறைகள், நல்ல மெத்தைகள், பூப்போட்ட பீங்கான் கோப்பைகள் எல்லாம் வெளியூர்க்காரர்களுக்கு. நாங்கள் சமையலறை மூலையிலும், பரணிலும், கொல்லைக் கொட்டகையிலும் சுருண்டு கிடப்போம். என் வீட்டுக்காரர் கோடை முழுக்கத் துணி பிழியும் இயந்திரத்துக்கும் சைக்கிளுக்கும் நடுவில் படுப்பார். காலை நீட்டினால் கதவு திறந்துகொள்ளும். எங்கள் கடற்கரை ஊரான கிரிக்கியத்தில் இதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. சபையின் பெரிய மூப்பரே ஆகஸ்டில் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் படுத்து எழுந்து, ஞாயிற்றுக்கிழமை கோட்டில் இறகோடு வந்து நின்று ஜெபம் பண்ணுவார். கோடையில் வருகிறதைக் கொண்டுதான் எங்களுக்குக் குளிர்காலம் ஓட வேண்டும்.

நெஸ்டா பிரிட்சர்ட் என் பக்கத்து வீட்டுக்காரி. மலைமேல் ஆட்டுப் பண்ணையில் பிறந்தவள். பதினைந்து வயதிலேயே ஒரு இங்கிலீஷ்காரத் துரை வீட்டில் வேலைக்குப் போய், அங்கே இரண்டு விஷயம் கற்றுக்கொண்டாள். ஒன்று, மேசை விரிப்பில் மடிப்பு விழாமல் இஸ்திரி போடுவது. இன்னொன்று, தன் கஷ்டத்தை வாயைத் திறந்து சொல்லாமல் இருப்பது. முதலாவது நல்ல விஷயம். இரண்டாவதைக் கற்றுக்கொடுத்தவர்களை நான் மன்னிக்கிறதாக இல்லை. ஊரில் அவளை வாயில்லாப் பூச்சி என்பார்கள். எனக்கு வாய் உண்டு. அதனால்தான் எங்கள் சபையில் என்னைப் பாடுவதற்கு மட்டும் கூப்பிடுவார்கள், கூட்டங்களுக்குக் கூப்பிட மாட்டார்கள்.

அவள் கட்டிக்கொண்டது குவிலிமை. மலைக்குள்ளே இருக்கிற ஸ்லேட்டுச் சுரங்கத்தில் கூரைக்குக் கல் உடைத்தவர். பேச்சில் மன்னன். சுரங்கத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நடக்கும் பாட்டுப் போட்டியில் அவரை மிஞ்ச ஆளில்லையாம். ஸ்லேட்டுத் தூசி நெஞ்சில் இறங்கியதும் பாட்டு போயிற்று, பிறகு வேலை போயிற்று. கடல் காற்று நல்லது என்று டாக்டர் சொன்னார். நெஸ்டாவின் அத்தை ஒருத்தி எங்கள் தெருவில் விட்டுப்போன வீடு இருந்தது. இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். குழந்தை இல்லை. அத்தை செய்த வியாபாரத்தையே நெஸ்டா தொடர்ந்தாள்: கோடையில் அறைகள் வாடகைக்கு.

எங்கள் ஊர் வழக்கப்படி, தங்க வருகிறவர்கள் தங்கள் சாப்பாட்டுச் சாமானைத் தாங்களே வாங்கிவந்து தருவார்கள். சமைத்துப் போடுவது வீட்டுக்காரியின் வேலை. கேட்க ரொம்ப எளிது. ஒரு அடுப்பு, மூன்று குடும்பம். ஒருத்தருக்கு ஆட்டுக்கறி, இன்னொருத்தருக்கு ஈரல், மூன்றாவது ஆள் காலையில் தூண்டில் போட்டுப் பிடித்த கானாங்கெளுத்தியை வாலோடு தூக்கிக்கொண்டு வந்து, "இதுவும் கொஞ்சம்" என்று பல்லைக் காட்டுவான். ஒருத்தர் தக்காளி இன்னொருத்தர் தட்டுக்குப் போய்விட்டால் அன்றைக்கு யுத்தம்தான். நெஸ்டா வீட்டில் அப்படி ஒரு தக்காளி கூட இடம் மாறியதில்லை.

முதலில் சில வருஷங்கள் குவிலிமும் ஒத்தாசையாக இருந்தார். கைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் விருந்தாளிகளின் பெட்டிகளை ஏற்றி வருவார். பிறகு பாதி வழியில் நிற்க ஆரம்பித்தார். பிறகு வாசலிலேயே நின்றார். நான் சொல்ல வந்த அந்தக் கோடையில் அவரால் கொல்லைக் கதவு வரைக்கும் கூட வர முடியவில்லை.

இருமல்தான் பெரிய சிக்கல். இருமல் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஒரே அர்த்தம், காசநோய். தூசி ஒட்டாது, அது கல் வேலை செய்தவன் நெஞ்சிலேயே இருந்து அவனோடேயே போகும் என்று யார் உட்கார்ந்து விளக்குவது? எங்கள் தெரு முனையில் மிஸஸ் ரோலண்ட்ஸின் மகள் ஒரு வருஷம் சாதாரண மார்ச்சளியில் படுத்துவிட்டாள். வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் பெட்டியைத் தூக்கினார்கள். அதற்கப்புறம் மிஸஸ் ரோலண்ட்ஸ் அறை வாடகைக்கு என்ற அட்டையை எடுத்து அடுப்பில் போட வேண்டியதாயிற்று. அதனால் ஜூன் மாதம் நெஸ்டா குவிலிமைக் கொல்லைக் கொட்டகைக்கு மாற்றினாள். அதில் ஜன்னல் என்று பெயருக்கு ஒரு சதுரம் உண்டு. அதற்கு எதிரே என் வீட்டு மதில்.

நான் தினமும் மதிலைச் சுற்றிப் போய் எட்டிப்பார்ப்பேன்.

"வா, லெய்சா. உக்காரு" என்பார் குவிலிம். "நாற்காலி இல்ல. அந்த வாளியக் கவுத்துப் போட்டுக்கோ. மகாராணி வந்தாலும் எங்க வீட்ல அதான்."

"மெதுவாப் பேசு, குவிலிம்" என்பாள் நெஸ்டா. "மேல ஆளு இருக்கு."

"எப்ப இல்ல? சுரங்கத்துலயும் மேல ஆளு இருந்தாங்க. மெதுவாப் பேசுன்னு அவங்க கூட சொன்னதில்ல."

ஆகஸ்ட் முதல் வாரத்தில் பேக்னல் தம்பதி வந்தார்கள். ஸ்டோக் ஊரில் பீங்கான் பட்டறைகளை எல்லாம் ஒரே நேரத்தில் பூட்டி இரண்டு வாரம் விடுமுறை விடுவார்கள். அந்த ஊர் அப்படியே ரயிலேறி எங்கள் கடற்கரைக்கு வந்துவிடும். பேக்னல் தம்பதி வருஷா வருஷம் நெஸ்டா வீட்டுக்கு வருகிறவர்கள். மாடியில் முன்பக்க அறைதான் வேண்டும் என்பார்கள். அதுதான் நெஸ்டாவும் குவிலிமும் குளிர்காலத்தில் படுக்கும் அறை. பெரிய ஜன்னல். படுக்கையில் சாய்ந்தபடியே கடல், கோட்டை, வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் மலைகள் எல்லாம் தெரியும்.

பேக்னல் நல்ல மனிதர். முன்பெல்லாம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மலையேறுவார், ஏரிக்குப் போய்க் காலை நனைத்துவிட்டு வந்து தண்ணீர் எவ்வளவு ஜில்லென்று இருந்தது என்று குழந்தை மாதிரி சொல்வார். இந்த முறை ஸ்டேஷனிலிருந்து வாடகைக் காரில் வந்து இறங்கினார். வந்ததிலிருந்து ஜன்னலோரமாகவே இருந்தார். அவருக்கும் இருமல்.

"சளி பிடிச்சிருக்கு, மிஸஸ் பிரிட்சர்ட். வேற ஒண்ணுமில்ல" என்றாள் அவர் மனைவி டோரிஸ். "நீங்க மாடி ஏறி வந்து கஷ்டப்படாதீங்க. படுக்கைய நானே போட்டுக்கறேன்."

விருந்தாளி தன் படுக்கையைத் தானே போடுகிறாள் என்றால் எந்த வீட்டுக்காரி வேண்டாம் என்பாள்? நெஸ்டாவும் சொல்லவில்லை.

அந்த இருமல் மாடிப்படி வழியாக இறங்கி, சமையலறையைக் கடந்து, கொல்லை வரைக்கும் வரும். கொட்டகைக்குள் குவிலிம் அதற்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். மேலே பேக்னல் இரும ஆரம்பித்ததும் இவரும் அடக்கி வைத்ததை எல்லாம் அவிழ்த்துவிடுவார். பின்னறையில் தங்கியிருந்த லிவர்பூல் டீச்சர்கள் இரண்டு பேருக்கும் அது ஒரே ஆளின் இருமலாகத்தான் கேட்டது.

"நல்ல மனுஷன். நேரத்துக்குக் கை குடுக்கறான்" என்றார் குவிலிம், கண்ணில் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு.

நாங்கள் சிரித்தோம். வேறு என்ன செய்வது?

இரண்டாவது வாரத் தொடக்கத்தில் டாக்டர் பின்வழியாக வந்து பார்த்துவிட்டு, நெஸ்டாவைத் தனியே கூப்பிட்டு, இலை உதிரும் வரைக்கும் தாங்காது என்றார். நெஸ்டா அதைக் குவிலிமிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நெஸ்டா, எனக்கு ஒரே ஒரு ஆசை" என்றார். நான் வாளிமேல் உட்கார்ந்திருந்தேன். "என்னை நம்ம ரூமுக்குக் கொண்டு போயிடு. முப்பது வருஷம் மெழுகுவத்தி வெளிச்சத்துல கல்லு உடைச்சேன். பனிக்காலத்துல இருட்டுல போயி இருட்டுல வந்தேன். வெயிலையே ஞாயித்துக்கிழமைதான் பாப்பேன். சாகறப்பவும் இந்தப் பொந்துலயே கெடக்கணுமா? அந்த ஜன்னல்கிட்ட கொண்டு போயி உக்கார வெச்சுடு, போதும்."

"சனிக்கிழமை அவங்க போயிடுவாங்க, குவிலிம். அன்னிக்கே உன்னை மேல கொண்டு போறேன். அடுத்து வர்றவங்கள வேண்டாம்னு சொல்லிடறேன்."

"சனிக்கிழமை வரைக்கும் எங்கிட்ட மூச்சு இருக்கான்னு யாரக் கேட்டு முடிவு பண்ணின?"

நான் நெஸ்டாவைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன்.

"போயிக் கேளுடி" என்றேன். "கீழ முன் ரூம்ல ஒரு கட்டில் போட்டுத் தர்றேன், ரெண்டு மூணு நாள் அங்க இருங்கன்னு சொல்லு. உன் வீடு. உன் புருஷன். இதுல என்ன தயக்கம்?"

"அவங்க லீவுக்கு வந்திருக்காங்க, லெய்சா. வருஷம் பூரா ஒழைச்சிட்டு ரெண்டு வாரம் வர்றாங்க. அவங்ககிட்ட போயி என் வீட்டு சாவ எப்படிச் சொல்றது?"

"இப்ப நீ போகலன்னா நான் போவேன்."

அதற்குப் பயந்துதான் போனாள். துவைத்த ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு, ஏதோ வேலை கேட்கப் போகிற பெண் மாதிரி மாடிப்படி ஏறினாள். நான் அவள் அடுப்பைப் பார்த்துக்கொள்கிற சாக்கில் படியடியில் நின்று ஒட்டுக்கேட்டேன். இல்லை என்று சொல்ல மாட்டேன். என் இங்கிலீஷ் சந்தை இங்கிலீஷ்தான், ஆனாலும் எல்லாம் புரிந்தது.

நெஸ்டா வாயைத் திறப்பதற்குள் டோரிஸ் அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

"நானே கீழ வரணும்னு இருந்தேன், மிஸஸ் பிரிட்சர்ட். நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். இருமல் சத்தம் கேட்டு வந்திருக்கீங்க. தயவு செஞ்சு எங்களப் போகச் சொல்லிடாதீங்க."

"இல்லம்மா, நான்..."

"சளின்னு நான் சொன்னது பொய். அது தூசி. பட்டறையில களிமண் தூசி. சத்தியமா யாருக்கும் ஒட்டாது. ஈஸ்டருக்கு வேற ஒரு ஊருக்குப் போனோம். மொத நாளே இருமலக் கேட்டுட்டுப் பெட்டியத் தூக்கி வாசல்ல வெச்சுட்டா அந்தப் பொம்பள. நடுத்தெருவுல, மழையில அவர் நின்னாரு. இந்த வருஷம் எங்கயும் வேண்டாம்னேன். அந்த ஜன்னல இன்னொரு தடவ பாக்கணும்னாரு. அடுத்த வருஷம் அவர் இருக்க மாட்டாரு, மிஸஸ் பிரிட்சர்ட். சனிக்கிழமை வரைக்கும் விட்டுடுங்க. எல்லா வேலையும் நானே செஞ்சுக்கறேன். தட்டு கூட நானே கழுவிடறேன்."

நான் கீழே நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சொல்லுடி, சொல்லுடி, என் வீட்டிலும் இதே தூசிதான் என்று ஒரு வார்த்தை சொல்லுடி.

"ஜன்னலத் தொறந்தே வைங்க" என்றாள் நெஸ்டா. "கடல் காத்து நெஞ்சுக்கு நல்லது. டீ கொண்டு வரட்டுமா?"

இறங்கி வந்தவளை நான் அடிக்காத குறை.

"கேட்டியா?"

"இல்ல."

"ஏன்டி?"

"அவ கைக்குட்டையத் திருகிக்கிட்டே நின்னா, லெய்சா. நான் ஏப்ரனத் திருகிக்கிட்டு நிக்கிறேன். ரெண்டு பேருல யாரு யாருக்கு எடம் விடறது?"

இந்த ஊர்க்காரர்களின் மரியாதை இருக்கிறதே, அதைக் கல்லைக் கட்டிக் கடலில் போட வேண்டும். ஆனால் அவளைத் திட்டித் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வந்து என் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டு யோசித்தபோது, அவள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கும் தெரியவில்லை. சாகக் கிடக்கிற ஒருத்தனை ஜன்னலிலிருந்து எழுப்பி இன்னொருத்தனை உட்கார வைப்பதா? அவள் அதை எந்த வாயால் கேட்பாள்?

நெஸ்டா அன்று மத்தியானமே குவிலிமிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார்.

"களிமண்ணா? ஒரு டீக் கோப்பைக்காகவா ஒருத்தன் சாவான்? நானாவது கூரைக்கு ஸ்லேட்டு உடைச்சேன்."

சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அது அடங்கினதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அது என் ரூமு, நெஸ்டா" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்தார் என்று பிற்பாடு எங்கள் போதகர் அடக்க ஆராதனையில் பேசினார். அதெல்லாம் சுத்தப் பொய். குவிலிம் விட்டுக்கொடுக்கவில்லை. தன் அறை தனக்கு வேண்டும் என்றுதான் கேட்டார், கடைசி வரைக்கும் கேட்டார். எங்களால் தர முடியவில்லை.

வியாழக்கிழமை காலை நான் நெஸ்டாவின் சமையலறைக்குப் போனபோது அவள் அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு முதுகைக் காட்டியபடியே பேசினாள்.

"லெய்சா, இந்தத் தட்ட டீச்சரம்மாக்களுக்குக் கொண்டு குடுக்கறியா? என்னால இன்னிக்கு முடியல."

"என்னடி ஆச்சு?"

"குவிலிம் போயிட்டான்."

முட்டையைத் திருப்பிப் போட்டாள். மஞ்சள் கரு உடையவில்லை.

"எப்போ?"

"இப்பத்தான். டீ கொண்டு போனேன். பாத்தேன். வந்துட்டேன். அவங்களுக்குக் காலை பஸ்ஸு, ஏரி பாக்கப் போறாங்க. நல்ல வெயில் வேற அடிக்குது இன்னிக்கு. அவங்க போயிடட்டும். அப்புறமா சொல்லிக்கலாம்."

நான் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர்கள் சாப்பிட்டு, ரொட்டி நன்றாக இருந்தது என்று சொல்லி, தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்கள். நெஸ்டா அவர்களுக்கு வாசல் வரைக்கும் போய்க் கையசைத்துவிட்டு வந்து, பேக்னலுக்கான பன்றிக்கறிப் பேக்கனை எடுத்துச் சட்டியில் போட்டாள். அதோடு என் பொறுமை தீர்ந்துவிட்டது. சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு நான் மாடி ஏறினேன். கதவைத் தட்டினேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை.

"இந்த வீட்டு ஆம்பள செத்துட்டாரு" என்றேன். "கொல்லைக் கொட்டகையில கெடக்கறாரு. இது அவர் ரூமு. இது அவர் படுத்த கட்டில். அவருக்கும் தூசிதான். கேக்க வாயில்லாம அவ கீழ ஒங்களுக்குப் பேக்கன் வறுத்துக்கிட்டு இருக்கா."

டோரிஸ் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னலோரத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்த பேக்னல் என்னையே பார்த்தார். அவர் மடிமேல் போர்வை. தலைக்குப் பின்னால் தலையணை.

"அந்த இருமல் எனக்குத் தெரியும்" என்றார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். "நாய் குரைக்குதுன்னு டோரிஸ் சொன்னா. நாயா? எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்? நான் இருமினா அவரும் இருமுவாரு. யாருன்னு கேக்கணும்னு தெனமும் நெனச்சேன். கேட்டா, ஒனக்கு எப்படித் தெரியும்னு என்னத் திருப்பிக் கேப்பாங்களே."

"கட்டிலு அவங்களோடதுன்னு தெரிஞ்சிருந்தா..." என்று டோரிஸ் அழ ஆரம்பித்தாள். "இவர் கட்டில்ல படுக்கறதே இல்ல. படுத்தா மூச்சு முட்டும். ரெண்டு வாரமா அந்த நாற்காலியிலதான் தூங்கறாரு. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் படுக்கைய நானே போட்டேன்."

பேக்னல் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். அகலமான ஜன்னல் அது.

"ரெண்டு நாற்காலி போட்டிருக்கலாமே" என்றார்.

நெஸ்டா எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். அதைக் கேட்டாள். அதுவரைக்கும் அழாதவள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்து அழுதாள்.

பேக்னல் அதற்கப்புறம் அந்த அறையில் ஒரு நிமிஷம் கூட இருக்க மாட்டேன் என்றுவிட்டார். டோரிஸ் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக் கீழே முன்னறைக்குக் கொண்டு வந்து உட்கார வைத்தோம். சபை ஆட்கள் நாலு பேர் வந்தார்கள். கழுவித் துடைத்து, வெள்ளைச் சட்டை போட்டு, குவிலிமைக் கொல்லை வழியாக, சமையலறை வழியாக, மாடிப்படி ஏற்றி அவர் கட்டிலில் கிடத்தினார்கள். இரண்டு மாதத்துக்குப் பிறகு தன் அறைக்குப் போனார்.

சாவு விழுந்தால் எங்கள் பக்கத்தில் அந்த வீட்டு ஜன்னல் திரைகளை எல்லாம் இறக்கிவிடுவோம். தெருவிலும் அத்தனை வீட்டிலும் இறக்குவார்கள். பிணம் வீட்டை விட்டுப் போகும்வரைக்கும் ஏற்றக் கூடாது. நடு ஆகஸ்டில், வீடு நிறைய வெளியூர்க்காரர்களை வைத்துக்கொண்டு, எங்கள் தெரு முழுக்கத் திரையை இறக்கிற்று. ஏரியிலிருந்து திரும்பிய டீச்சர்கள் வெயிலுக்காக இறக்கியிருக்கிறோம் என்று நினைத்தார்களாம்.

நான் மாடிக்குப் போய்ப் பார்த்தபோது, குவிலிம் இருந்த அறையில் மட்டும் திரை மேலே ஏறியிருந்தது. வெயில் கட்டில் முழுக்க விழுந்து கிடந்தது. நெஸ்டா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி இது? மூப்பர் வர்ற நேரம். எறக்கு" என்று கயிற்றைப் பிடித்தேன்.

"தொடாத, லெய்சா."

அவள் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

"ஊரு என்ன சொல்லும்?"

"சொல்லட்டும். ஊருக்குப் பயந்துதான் இத்தன நாளும் இருட்டுல போட்டு வெச்சேன்."

நான் கயிற்றை விட்டுவிட்டேன். தலைக்கு அடியில் இரண்டு தலையணை கொடுத்து, முகத்தை ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தாள். செத்தவனுக்குக் கடலும் ஒன்றுதான், என் வீட்டு மதிலும் ஒன்றுதான். அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தாள். மூப்பர் வந்து பார்த்தார், தொண்டையைச் செருமினார், ஜெபத்தைச் சீக்கிரமாக முடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அடக்கத்தைச் சனிக்கிழமை காலையில் வைத்தார்கள். எங்கள் வழக்கப்படி ஆண்கள் மட்டும்தான் கல்லறைக்குப் போவார்கள். பெண்கள் வீட்டில் இருந்து, வருகிறவர்களுக்கு ஹாம் என்கிற பன்றிக்கறியை அறுத்து வைக்க வேண்டும். பேக்னல் முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சவப்பெட்டி தாண்டிப் போனபோது எழுந்து நின்றார். பிறகு அவர்களும் ரயிலுக்குக் கிளம்பினார்கள். டோரிஸ் நெஸ்டாவைக் கட்டிக்கொண்டாள். அந்த வருஷத்துக்கப்புறம் அவர்கள் வரவில்லை.

அடுத்து வர வேண்டியவர்களை நெஸ்டா வேண்டாம் என்று சொல்லியிருக்கவில்லை. சொல்ல நினைத்தது அறை குவிலிமுக்கு வேண்டும் என்பதற்காக. இனி அந்த அறை யாருக்கு? பிற்பகல் ரயிலில் பர்மிங்ஹாமிலிருந்து அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு பட்டத்தோடு வந்து இறங்கினார்கள். ஹாம் தட்டுகளை எல்லாம் நான் அவசர அவசரமாகக் கொல்லைக்கு எடுத்துப் போனேன். நெஸ்டா அதற்குள் விரிப்பு மாற்றி, தரையைத் துடைத்து, புது ஏப்ரன் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

மாடி ஏறியதும் பிள்ளைகள் இரண்டும் ஜன்னலுக்கு ஓடின. "கடல்! அம்மா, இங்கருந்தே கடல் தெரியுது!" அந்த அம்மாள் பார்க்கக் கொஞ்சம் கறார். மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தாள்.

"போன வருஷம் தங்கின எடத்துல படுக்கையெல்லாம் ஒரே ஈரம்" என்றாள். "இது காஞ்சிருக்கா? யாராவது படுத்திருந்தாங்களா, இல்ல சும்மாவே கெடந்துச்சா?"

"ஈரமெல்லாம் இல்லம்மா" என்றாள் நெஸ்டா. "இன்னிக்குக் காலை வரைக்கும் ஆள் படுத்திருந்த கட்டில்தான். நல்லா வெயில் பட்டிருக்கு."

அவர்கள் வாங்கி வந்த கறியை வாங்கிக்கொண்டு கீழே வந்து அடுப்பில் வைத்தாள். டீச்சர்களுக்குத் தனியாக மீன். பரிமாறி, பாத்திரம் கழுவி, கறி வைத்த சட்டியை மணல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தாள். என் வீட்டில் வந்து படுத்துக்கொள் என்றேன். உங்க வீட்டில் மட்டும் இடம் எங்கே இருக்கிறது என்றாள். அதுவும் சரிதான். வெளிச்சம் இன்னும் போகவில்லை. மாடியில் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நெஸ்டா ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டு, கொல்லையைத் தாண்டிப் போய், கொட்டகையில் குவிலிம் கிடந்த இடத்தில் படுத்துக்கொண்டாள். அவள் வீட்டில் அவளுக்கு வேறு இடம் இல்லை.